பூனையின் புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ.: கும்பகோணம் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

வாசகியின் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை செல்லிக்கு நாலு வயது. கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று. மூன்று மாதமாகக் கழுத்தைச் சொறிந்தும் அடிவயிற்றை நக்கியும் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பொருக்கு, அடிவயிற்றில் முடியும் உதிர்ந்துவிட்டது. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை, புண் மேலாகத்தான் இருக்கிறது. முதலில் மெடிக்கலில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிப் போட்டோம். ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். வீட்டில் மீதியிருந்த சிஃபிக்சிம் மாத்திரையை உடைத்து ஐந்து நாள் கொடுத்தேன். பிறகுதான் டாக்டரிடம் காட்டினோம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பத்து நாள், செஃபலெக்சின் பத்து நாள் கொடுத்தும் ஆறவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கப் புண்ணிலிருந்து எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார். ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்று வந்திருக்கிறது. பாதி மருந்துக்கு நேரே ‘ஆர்’, அதாவது கேட்காது என்று போட்டிருக்கிறார்கள். என் மகள் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யு. நர்ஸ். அந்தப் பேரைப் பார்த்ததுமே பதறிவிட்டாள். மாமியாருக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண் இருக்கிறது. செல்லி அவர் கட்டிலில்தான் தூங்கும். பூனையை மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாமியார் மட்டும், அது போனால் நான் சாப்பிட மாட்டேன் என்கிறார். தெரிந்த மெடிக்கல்காரர், லினசோலிடுக்கு ‘எஸ்’, அதாவது கேட்கும் என்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செல்லியை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே வளர்ந்த பூனையைப் புண்ணோடு மீன் மார்க்கெட்டில் விட்டால் அது பட்டினி கிடந்து சாகும். அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அதனால் உங்கள் வீட்டுக்குப் பெரிய பாதுகாப்பும் வந்துவிடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். லினசோலிடும் வேண்டாம். அந்த மருந்து இல்லாமலேயே செல்லியின் தோல் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த ஆய்வக அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அதில் இருப்பதை முதலில் புரிந்துகொள்வோம். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது ‘மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்பது மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்துப் போலத் தெரியும் உருண்டைக் கிருமி. 1882-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லை வைத்தே அதற்குப் பேர் வைத்தார். ஆரியஸ் என்றால் பொன்னிறம்; ஆய்வகத் தட்டில் அது வளரும்போது வரும் நிறம். மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதை மூக்கில் சுமந்துகொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் நடமாடுகிறோம். தோல் கிழிந்த இடத்தில் நுழைந்தால்தான் சீழ் பிடிக்கும். பென்சிலினுக்கு அடங்காமல் போன ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்வதற்கென்றே 1959-இல் மெதிசிலின் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். 1961-இலேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமி கிடைத்துவிட்டது. மெதிசிலினை இன்று யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை. பேரில் இருக்கும் ‘எம்’ மட்டும் மிச்சம்.

பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாம், கிருமி தன் மேல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுப்பவை. எம்.ஆர்.எஸ்.ஏ.யிடம் மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறது. அதை வைத்து அந்த மருந்துகள் ஒட்ட முடியாத மாற்றுப் புரதம் ஒன்றைச் செய்துகொண்டு, சுவரைத் தொடர்ந்து கட்டிவிடுகிறது. அதனால்தான் செல்லிக்கு அமாக்சிசிலினும் கேட்கவில்லை, செஃபலெக்சினும் கேட்கவில்லை. நாள்களைக் கூட்டியிருந்தாலும் அளவைக் கூட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. உங்கள் டாக்டர் மூன்றாவதாக இன்னொரு மாத்திரை எழுதாமல் கல்ச்சருக்கு அனுப்பினார் பாருங்கள், அது சரியான முடிவு.

அறிக்கையில் செஃபாக்சிட்டினுக்கு நேரே ‘ஆர்’ இருக்கிறதல்லவா, அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி. செஃபாக்சிட்டினைச் சிகிச்சைக்காக அங்கே சோதிக்கவில்லை. மெக்-ஏ இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகத்தான் வைக்கிறார்கள். அதற்கு ‘ஆர்’ வந்துவிட்டால், பூனைகளுக்கு நாம் கொடுக்கும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எதுவுமே உதவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தாளில் செஃப்ட்ரையாக்சோனுக்கு நேரே ‘எஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. அதை நம்பி ஊசி போட வேண்டாம். ஆய்வகத் தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிந்தாலும் உடம்பில் அது வேலை செய்யாது. இதையே ‘ஆர்’ என்று திருத்தித் தந்திருக்க வேண்டிய பொறுப்பு ஆய்வகத்துக்கு உண்டு.

இன்னொரு வரி: எரித்ரோமைசினுக்கு ‘ஆர்’, கிளிண்டமைசினுக்கு ‘எஸ்’. இந்தச் சேர்க்கை வந்தால் டி-டெஸ்ட் செய்தார்களா என்று உங்கள் டாக்டர் ஆய்வகத்தைக் கேட்க வேண்டும். இரண்டு மருந்து வில்லைகளையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கிளிண்டமைசினைச் சுற்றிய தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்துப் போல ஆகிவிட்டால் அந்த ‘எஸ்’ஸும் பொய். மருந்து கொடுக்கக் கொடுக்கவே எதிர்ப்பு முளைத்துவிடும். டாக்சிசைக்ளினுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் ‘எஸ்’ வந்திருப்பது நல்ல செய்தி. மாத்திரை தேவைப்பட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை.

இதே பிரச்சினையோடு படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. சிலரின் அறிக்கையில் ஆரியஸுக்குப் பதிலாக ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்று இருக்கும். அது நாய்களின் தோலில் இயல்பாக வாழ்வது, பூனைகளிலும் கிடைக்கும்; 2005-இல்தான் தனி இனமாக விவரித்துப் பேர் வைத்தார்கள். அதற்கு செஃபாக்சிட்டின் அடையாளம் சரிப்படாது, ஆக்சாசிலினை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் நாயும் இருந்தால் அதன் தோலையும் காட்டுங்கள்.

சரி, செல்லிக்கு இது எங்கிருந்து வந்தது? உங்கள் சொந்தக்காரர்கள் பூனையிடமிருந்து வீட்டுக்கு வரும் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு எதிர்த்திசையில். ஆரியஸ் முதன்மையாக மனிதர்களோடு வாழும் கிருமி. பூனைத் தோலில் அது நிரந்தரக் குடியாக இருப்பது குறைவு. பிரிட்டனில் நாய், பூனைகளின் புண்களிலிருந்து எடுத்த எம்.ஆர்.எஸ்.ஏ.யை ஆராய்ந்தபோது, அதில் பெரும்பகுதி அந்நாட்டு மருத்துவமனைகளில் மனித நோயாளிகளிடம் பரவியிருந்த அதே வகையாகத்தான் இருந்தது. நம்மிடமிருந்து அவற்றுக்குப் போயிருக்கிறது. பிறகு அவை நமக்குத் திருப்பித் தரவும் செய்யும். 1988-இல் வெளியான ஒரு லண்டன் மருத்துவமனை நிகழ்வு எங்கள் துறையில் அடிக்கடி பேசப்படுவது. முதியோர் வார்டு ஒன்றில் எம்.ஆர்.எஸ்.ஏ. விடாமல் வந்துகொண்டிருந்தது. அந்த வார்டில் வளைய வந்த பூனையின் உடம்பிலும் கிருமி இருந்தது. பூனையை அப்புறப்படுத்தி, தொற்றுத் தடுப்பு முறைகளையும் இறுக்கிய பிறகுதான் அடங்கியது. ஆனால் அந்தப் பூனைக்கே அது பெரும்பாலும் வார்டிலிருந்த மனிதர்களிடமிருந்துதான் போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு, தயவுசெய்து, யாரும் உங்கள் மகளைப் பார்த்து ‘உன்னால்தான்’ என்று சொல்லிவிடக் கூடாது. ஐ.சி.யு.வில் வேலை செய்பவர் மூக்கில் இது இருக்கலாம். மருத்துவமனைக்குப் போய்வரும் மாமியாரின் காலிலும் இருக்கலாம், உங்களிடமும் இருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதால் செல்லியின் சிகிச்சை மாறப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதிப்பதும் இப்போது தேவையில்லை. யாருக்காவது சீழ்க்கட்டி வந்தாலோ, செல்லிக்கு ஆறியபின் மறுபடி மறுபடி வந்தாலோ அப்போது மனிதர்களுக்கான மருத்துவர் அதைத் தீர்மானிக்கட்டும். மகள் மட்டும் தன் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கிருமி வீட்டு மனிதர்களிடமே இருக்கலாம் என்பதால்தான், பூனையை வெளியேற்றினால் பெரிய பாதுகாப்பு வராது என்று சொன்னேன்.

இனி, அறிக்கையில் இல்லாத கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிய கேள்வி. செல்லி ஏன் சொறிகிறது?

பூனைக்குத் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று சும்மா வருவது அரிது. ஏதோ ஒன்று அரிக்கிறது, பூனை நகத்தால் கிழிக்கிறது, நாக்கால் தேய்க்கிறது. பூனை நாக்கு ரம்பம் மாதிரி என்பது உங்களுக்கே தெரியும். தோல் கிழிந்த இடத்தில் கிருமி குடியேறுகிறது. நாம் கிருமியை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால், அரிப்பு அடுத்த புண்ணைப் போட்டுக்கொண்டே இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவறைச் செய்திருக்கிறேன். அரிப்போடு வரும் பூனைக்கெல்லாம் செஃபலெக்சின் எழுதினேன். கொஞ்சம் குறையும், மறுபடி வரும், மறுபடி எழுதுவேன். ஒவ்வொரு சுற்றிலும் சாதாரணக் கிருமிகள் செத்து, அடங்காதவை மட்டும் தங்கிப் பெருகுவதற்கு நானே இடம் செய்து கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பூனைகளில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது தெள்ளுப்பூச்சி மருந்துதான்.

செல்லி விஷயத்திலும் என் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல். கழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பொருக்கு, அடிவயிற்றில் முடி உதிரும் அளவுக்கு நக்கல் என்று நீங்கள் எழுதியிருப்பது தெள்ளுப்பூச்சி எச்சில் ஒவ்வாமைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ‘பூச்சி ஒன்றுகூட இல்லை டாக்டர்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், கடித்த பூச்சியை அதுவே நக்கி விழுங்கிவிடும். ஆகவே பூச்சியைத் தேடாதீர்கள், அதன் கழிவைத் தேடுங்கள். நெருக்கப் பல்லுள்ள பேன்சீப்பால் வால் பக்கத்து முதுகில் வாரி, சீப்பில் வரும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாக ஊறினால் அது மண் இல்லை, செரித்த ரத்தம். பூச்சி இருக்கிறது.

நம் ஊர் வெக்கைக்கு வருஷம் முழுக்கத் தெள்ளுப்பூச்சி உண்டு. செலமெக்டின், ஃபிப்ரோனில் போன்ற பிடரியில் விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கென்று எழுதியிருப்பதாகப் பார்த்து, எடைக்கேற்ற அளவில், குறைந்தது மூன்று மாதம் தவறாமல் போட வேண்டும். வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத்தான். ஒரு மாதத்தில் நிறுத்தினால் தரை இடுக்கிலும் மெத்தையிலும் கூட்டுப்புழுவாகக் காத்திருப்பவை வெளியே வந்து மறுபடி ஏறும். நாய்க்கான சொட்டு மருந்தை அரை அளவாகப் பூனைக்குப் போடும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அவற்றில் பல பெர்மெத்ரின் கலந்தவை. பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி வந்த பூனைகளில் சிலவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

தெள்ளுப்பூச்சி மருந்து ஒழுங்காகப் போட்டும் அரிப்பு நிற்காவிட்டால் அடுத்து உணவு ஒவ்வாமை, சொறிப்பூச்சி, படர்தாமரை என்று உங்கள் டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற பூனை வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் புண் ஆறாது.

உங்கள் டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: புண்ணின் மேல் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாரா? ஐந்து நிமிஷ வேலை, செலவும் மிகக் குறைவு. வெள்ளையணுக்களுக்குள்ளே உருண்டைக் கிருமிகள் விழுங்கப்பட்டுக் கிடந்தால் உண்மையிலேயே தொற்று. கிருமி சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் குடியேற்றம். திறந்த புண்ணில் பஞ்சுக்குச்சியை உருட்டினால் ஏதோ ஒரு கிருமி வளரத்தான் செய்யும். கல்ச்சர் தாள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

இப்போது சிகிச்சை. உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கம் 2017-இல் இதே பிரச்சினைக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், மேல்தோலோடு நிற்கும் தொற்றுக்கு வெளிப்பூச்சு மருந்தையே முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். செல்லி நன்றாகச் சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை, புண் மேலாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாத்திரை இல்லாமலேயே தொடங்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். அறிக்கையில் இருக்கும் ‘ஆர்’, ‘எஸ்’ எல்லாம் மருந்து ரத்தத்தில் எட்டும் அளவை வைத்துச் சொல்வது. நேரே தோலில் பூசும்போது அதைப் போலப் பல மடங்கு அடர்த்தி கிடைக்கும். குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினிக்கு மெக்-ஏ ஒரு தடையே இல்லை.

செய்யும் விதம் முக்கியம். புண்ணைச் சுற்றி இரண்டு விரல்கடை அகலத்துக்கு முடியை மருத்துவமனையிலேயே மெஷினால் எடுத்துவிடச் சொல்லுங்கள். முடியோடு பூசினால் மருந்து முடிக்குத்தான் போகும். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலைக் கால்நடை மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். பல் டாக்டர் தரும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் இதே பேர் இருக்கும், அது 0.2 சதவீதம்தான், வாசனைப் பொருளும் சேர்த்தது, வேண்டாம். ஸ்பிரிட் கலந்த கை கழுவும் திரவமும் வேண்டாம், எரிச்சலில் செல்லி உங்களைத் தொடவே விடாது. கையுறை போட்டுக்கொண்டு, பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, மருந்தில் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் மேல் பத்து நிமிஷம் வைத்திருங்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் மருந்து. பூசி உடனே துடைத்தால் பயனில்லை. கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. காய்ந்தபின், புண்ணை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைப் போட்டுவிடுங்கள். முதல் நாள் பூனை பின்பக்கமாகவே நடக்கும், சுவரில் முட்டும், உங்களுக்குப் பாவமாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். தினம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். முன்பு போட்ட ட்யூபை மறந்துவிடுங்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்தது அது. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கியதால்தான் முதல் வாரம் ஆறியது போலத் தெரிந்தது.

பூனையின் ஈரலுக்கு ஒரு குறை உண்டு. பினால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்ற நம் உடம்பில் வேலை செய்யும் ஒரு நொதி பூனைக்குச் செயல்படுவதில்லை. பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும் என்று சொல்வது இதனால்தான். அதே காரணத்தால் டெட்டாலைத் தண்ணீரில் கலந்து புண்ணைக் கழுவாதீர்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று கேட்டதும் வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றித் துடைத்திருப்பீர்கள்; அதையும் நிறுத்துங்கள். பூனை ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். டீ-ட்ரீ எண்ணெயும் ஆகாது. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பேர் இருப்பது காரணமாகத்தான். அதன் வேர் பூனையை இழுக்கும். பூசினால் முழுவதையும் நக்கித் தின்றுவிடும், புண்ணும் பெரிதாகும்.

தரைக்குச் சோப்புத் தண்ணீரே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். அதற்குப் பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, காயும்வரை செல்லியை வேறு அறையில் வையுங்கள். இந்தக் கிருமி உலர்ந்த துணியிலும் தட்டிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் படுக்கும் துணியை வாரம் இரண்டு முறையாவது நன்றாகச் சுடும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

எப்போது மாத்திரை? வீக்கம் ஆழமாகப் போனால், துளை வழியே சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், சாப்பாட்டை நிறுத்தினால். அப்போது டாக்டர் டாக்சிசைக்ளினைத் தேர்ந்தெடுக்கலாம். அது பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கி, பிறகு குழாய் சுருங்கிவிடும். மாத்திரை கொடுத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி தண்ணீர் கட்டாயம் கொடுங்கள். பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டாம். பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லினசோலிட் பற்றி உங்கள் மெடிக்கல்காரர் சொன்னது ஆய்வகத் தட்டின் கணக்குப்படி தப்பில்லை. அந்த மருந்து கேட்கத்தான் செய்யும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் அதைக் கடைசிக் கையிருப்பாகப் பாதுகாக்க வேண்டிய ‘ரிசர்வ்’ பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அந்த மருந்து வகையையே மனிதர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. அங்கே எந்த விலங்குக்கும் கொடுக்கக் கூடாது. உங்கள் வீட்டை வைத்தே யோசியுங்கள். செல்லியின் தோலில் லினசோலிடுக்கும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் உருவானால், அது முதலில் போய்ச் சேரக்கூடிய இடம் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரின் கால். நாளைக்கு அவருக்கே அந்த மருந்து தேவைப்படலாம். பத்து நிமிஷம் துணி வைத்துப் பிடித்தால் ஆறக்கூடிய புண்ணுக்கு அதைச் செலவழிக்க எனக்கு மனம் வராது.

மீதி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபமில்லாமல் சொல்கிறேன். சிஃபிக்சிம் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு எதிராக இயல்பிலேயே வலுவில்லாத மருந்து. எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லாத சாதாரணப் புண்ணாக இருந்தாலும் அது செல்லிக்கு உதவியிருக்காது. குடலிலுள்ள நல்ல கிருமிகளைத்தான் கெடுத்திருக்கும். 2014 மார்ச்சிலிருந்து அது எச்-1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அலமாரியில் இன்னும் மீதி இருந்தால் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் பூனையிடமிருந்து இந்தத் தொற்று வருவது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் சர்க்கரையும் திறந்த புண்ணும் சேர்ந்த கால் வேறு கதை. அவர் காலைப் பார்க்கும் மருத்துவரிடம், வீட்டுப் பூனைக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறது என்று இந்த வாரமே சொல்லி, அறிக்கையின் நகலையும் காட்டுங்கள். காலில் சிவப்போ சீழோ வந்தால் அவர் வழக்கமான மாத்திரையோடு நிறுத்தாமல் கல்ச்சர் எடுக்க அது உதவும். அப்படி ஏதாவது தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். கட்டு எப்போதும் முழுதாக மூடியிருக்கட்டும். கழற்றிய கட்டுத்துணியை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள், செல்லி மோந்து பார்க்கும்படி தரையில் வைக்க வேண்டாம். செல்லிக்கு மருந்து போட்ட கையோடு அவர் காலுக்குக் கட்டு மாற்றக் கூடாது. முதலில் கால், பிறகு பூனை, இரண்டுக்கும் நடுவே சோப்பு. முடிந்தால் இரண்டு வேலையையும் இரண்டு பேர் பாருங்கள்.

புண் ஆறியதும் கிருமி போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் எடுக்க அவசியமில்லை, செல்லியின் மூக்கில் களிம்பும் போட வேண்டாம். தோல் ஆறிவிட்டால், வெளியிலிருந்து மறுபடி ஏறாவிட்டால், பெரும்பாலான பூனைகள் தாமாகவே இதை உதறிவிடுகின்றன. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, கூடையில் வைத்து நேரே உள்ளே எடுத்துப்போங்கள். காத்திருக்கும் இடத்தில் ஆபரேஷன் தையலோடு வேறு பூனை, நாய்கள் உட்கார்ந்திருக்கும்.

அது போனால் சாப்பிட மாட்டேன் என்றாராமே உங்கள் மாமியார், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: செல்லி எங்கும் போகவில்லை. அதன் புண்ணும் அவர் காலும் ஆறும்வரை கட்டிலில் மட்டும் ஏற்ற வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, துவைத்த துணியை மடித்து அதன் மேல் விரித்துவிடுங்கள். பூனை உயரமான இடத்தைத்தான் விரும்பும், சீக்கிரம் பழகிக்கொள்ளும். அவர் படுத்தபடியே கையை நீட்டித் தலையைத் தடவிக்கொடுக்கலாம். தடவிய பிறகு கை கழுவிக்கொள்ளத் தண்ணீரும் சோப்பும் அவருக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.